கேட்காமல் எடுப்பது கொடையாகுமா?

ஓட்டமாவடிக்கு அருகே மஜ்மா நகரில் ஒரு மையவாடி இருக்கிறது. கொவிட்டால் இறந்த 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கொழும்பிலும் கண்டியிலும் பிறந்து வளர்ந்தவர்கள்கூட, பல மணி நேரம் லொறியில் கொண்டுவரப்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்தின் இந்த மண்ணுக்குள் போனார்கள். 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் அடக்கம் நடந்த இடம் இது. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஓராண்டு காலம் இலங்கையில் அந்த உரிமையும் இருக்கவில்லை. கொவிட்டால் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசு கேட்கவில்லை. பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இந்த மையவாடியை மறந்துவிட்டுக் கிழக்கில் உடலுறுப்புத் தானச் சட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

உலகின் பல நாடுகளில் இப்போது ஒரு சட்டமுறை பரவி வருகிறது. உயிரோடிருக்கும்போது 'என் உறுப்புகளை எடுக்க வேண்டாம்' என்று பதிவு செய்யாதவர் எல்லோரும் சம்மதித்தவர்களே என்று அரசு எடுத்துக்கொள்ளும் முறை அது. அனுமானச் சம்மதம் என்பார்கள். வேல்ஸ் 2015 டிசெம்பரில் இதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2020 மே மாதத்திலும், ஸ்கொட்லாந்து 2021இலும், வட அயர்லாந்து 2023இலும் பின்தொடர்ந்தன. லண்டனில் வாழும் மட்டக்களப்புத் தமிழர் ஒருவர், மறுப்பைப் பதிவு செய்யாவிட்டால், சட்டத்தின் கண்ணில் ஏற்கெனவே கொடையாளி. இலங்கை இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டப்படி, இறந்தவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கவேண்டும். இல்லையென்றால் உறவினர் தரவேண்டும்.

அனுமானச் சம்மதத்தை ஆதரிப்பவர்களின் வாதம் இலேசானதல்ல. சிறுநீரகம் செயலிழந்தவர் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நம்பி வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை வைத்தியசாலையில் கழிக்கிறார். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு பேரை அதிலிருந்து விடுவிக்கும். அவை கிடைக்காதபோது வீட்டிலுள்ள தாயோ மனைவியோ தன் உடலைக் கிழித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அதுவும் முடியாத இடத்தில் ஏழையின் சிறுநீரகம் விலைக்கு வருகிறது. 2016இல் இந்தியர்கள் தொடர்புபட்ட சிறுநீரக வியாபாரம் வெளிச்சத்துக்கு வந்தபோது, வெளிநாட்டவர்களுக்கான மாற்றுச் சிகிச்சையையே இலங்கை நிறுத்த நேர்ந்தது. உயிரோடிருக்கும் ஏழையை அறுப்பதைவிட, இறந்தவரிடமிருந்து பெறுவது எவ்வளவோ மேல். இதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. எப்படிப் பெறுவது என்பதில்தான் வழக்கு.

ஸ்பெயின் 1979இலேயே அனுமானச் சம்மதச் சட்டத்தை இயற்றியது. 2023இல் அங்கே பத்து இலட்சம் பேருக்கு 48.9 பேர் என்ற அளவில் இறந்தவர்கள் உறுப்புக் கொடை செய்தார்கள். உலகத்திலேயே முன்னணி எண்ணிக்கை. இந்த வெற்றிக்குச் சட்டமே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் சட்டம் வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1989இல் ரஃபயேல் மத்தேசான்ஸ் என்ற சிறுநீரக மருத்துவரின் தலைமையில் தேசிய மாற்றுச் சிகிச்சை அமைப்பு தோன்றிய பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பயிற்சி பெற்ற இணைப்பாளர், பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரே, நியமிக்கப்பட்டார். அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார், மரணத்தை விளங்கவைப்பார், பிறகு கேட்பார். குடும்பம் 'வேண்டாம்' என்றால் எடுப்பதில்லை. சட்டம் தந்த அதிகாரத்தை ஸ்பெயின் பயன்படுத்தவேயில்லை.

இங்கிலாந்தின் கணக்கும் இதையே சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன் குடும்பங்களின் சம்மதம் சுமார் 68 வீதம். 2023–24இல் அது சுமார் 61 வீதத்துக்கு இறங்கியிருந்தது. பெருந்தொற்று உட்படக் காரணங்கள் பல இருக்கலாம். சட்டம் மட்டும் போதவில்லை என்பது தெளிவு.

நம்பிக்கை உடைந்த இடங்களில் நடந்தது இன்னும் கசப்பானது. பிரான்ஸின் அமியான் நகரில் விபத்தில் இறந்த ஓர் இளைஞனின் பெற்றோர் குறிப்பிட்ட சில உறுப்புகளுக்குச் சம்மதித்தார்கள். கண்களும் எடுக்கப்பட்டிருந்தது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1992இல் விடயம் வெளியே வந்ததும் பிரான்ஸ் முழுவதிலும் கண்தானம் சரிந்தது. பிரேசில் 1997இல் அனுமானச் சம்மதத்தைச் சட்டமாக்கி, மக்களும் மருத்துவர்களும் எதிர்த்ததால் அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றது. ஏழைகள் அங்கே அரச வைத்தியசாலையைக் கண்டு அஞ்சினார்கள். உயிர் போகுமுன்பே அறுத்துவிடுவார்களோ என்ற அச்சம்.

மட்டக்களப்பில் அந்த அச்சத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை, உடல்களும் வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் கடத்திச்சென்று கொன்ற முஸ்லிம் பயணிகளின் உறவினர்கள், புதைத்த இடத்தைத் தோண்டித் தாருங்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உடலைப் பார்க்காமலே அந்தியேட்டி செய்த வீடுகள் இருக்கின்றன. 'நீங்கள் வாய் திறக்கவில்லை, ஆகவே இந்த உடல் எங்களுக்கு' என்று இவர்களிடம் அரசு சொல்வது எவ்வளவு கொடுமை! 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில், ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்து என்ற முழக்கத்தைத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து எழுப்பியது சும்மா நடந்ததல்ல.

கொடுக்கும் மனம் இந்தத் தீவில் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் இலங்கையில் கண்கள் தூக்கிலிடப்பட்ட கைதிகளிடமிருந்தே எடுக்கப்பட்டன. அந்த வழி அடைபட்டபோது, ஹட்சன் சில்வா என்ற இளைஞர் 1958இல் பத்திரிகையில் எழுதி மக்களிடம் நேரே கேட்டார். 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். தன் தாய் இறந்தபோது அந்தக் கண்களையே ஓர் ஏழைக்குப் பொருத்தினார். 1964இல் ஐஸ் போட்ட தேநீர்க் குடுவையில் முதல் கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. 2012 அளவில் 57 நாடுகளுக்குச் சுமார் 60,000 விழிவெண்படலங்கள் சென்றிருந்தன. இதற்காக எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 2008 செப்டெம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோரே முன்வந்து கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பொலிஸார் வழி ஒதுக்க, அவனது இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் அந்த மாநிலத்தில் கொடை பெருகியது. 2023 முதல் கொடையாளிகளுக்கு அரச மரியாதையும் உண்டு.

கிழக்கில் யாரிடம் கேட்பது என்பதும் யோசிக்கவேண்டியது. இங்கே குடி தாய்வழி வருவது. கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறான். ஆனால் அவன் குடி தாயின் குடியே. தமிழரின் கோயில்களில் குடியின் சார்பில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் இருப்பதுபோல, முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களில் குடியின் பிரதிநிதியாக மரைக்காயர் இருக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. சட்டம் சொல்லும் 'நெருங்கிய உறவினர்' மனைவியாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவளிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு, தாய்மாமனையும் சகோதரியையும் விட்டுவிட்டால், செத்தவீட்டில் அவள் தனியே பழி சுமப்பாள். பேசும் இணைப்பாளர் இந்த உறவுகளை அறிந்தவராக இருக்கவேண்டும். தமிழில் பேசவேண்டும். கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றப்பட்ட நோயாளியின் குடும்பத்துக்கும் அது பொருந்தும். காத்தான்குடியில் பேசுபவருக்கு, இறந்தவரின் முன்சம்மதத்தோடு அல்லது வாரிசுகளின் அனுமதியோடு உறுப்பு மாற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி 1988இல் ஜித்தாவில் தீர்மானித்தது தெரிந்திருக்கவேண்டும். அந்தத் தீர்மானத்திலேயே அனுமதி என்பது நிபந்தனையாக நிற்கிறது.

இன்னொன்று உண்டு, சட்டத்தைப் பற்றி மட்டும் வாதிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கண் தவிர்ந்த பெரிய உறுப்புகள், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே பெரும்பாலும் கிடைக்கின்றன. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், பாலத்தையோ படகுத் துறையையோ கடந்து போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தால்தான் அந்தப் பேச்சே எழும். இதயம் ஐஸில் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். தீவிர சிகிச்சைக் கட்டில்களும், மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்களும், உறுப்பை விரைந்து கொண்டுபோகும் ஏற்பாடும் இல்லாமல், எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று அறிவித்து என்ன பயன்? மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் பொலன்னறுவையில் 2021இல் தேசிய சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டிருக்கிறது. சீராகத் திட்டமிட்டால், வாவிக்கரையில் கொடுக்கப்படும் சிறுநீரகம் அங்கே ஒரு விவசாயியைப் பிழைக்கவைக்கும்.

எனவே அனுமானச் சம்மதச் சட்டமூலம் என்றாவது பாராளுமன்றத்துக்கு வந்தால், கிழக்கின் உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி எதிர்த்து வாக்களிக்கவேண்டும். அதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு போதனா வைத்தியசாலைக்கும் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் இணைப்பாளரைக் கேட்டு வாங்கவேண்டும்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் உறுப்புகளைக் கொடுக்க விருப்பமா, இல்லையா என்பதை வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ, தாய்மாமனிடமோ, பிள்ளைகளிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். விருப்பம் என்றால் எழுதியும் வையுங்கள்.