ஆழத்தில் உழைப்போரும் அழுத்த மருத்துவமும்

கர்நாடக மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோலார் தங்க வயல். கடற்கரையோ அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய ஊரையும் கடலில் மூழ்கித் தொழில் செய்வோருக்கு நேரும் நோயையும் இணைத்துப் பேசுவது முதற்பார்வைக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், சுரங்கத்தில் இறங்குவோர், கடலில் இறங்குவோர் ஆகிய இரு சாராரின் உடல்நலம் பற்றிய மருத்துவ அறிவு ஒரே வேரிலிருந்து கிளைத்ததாகும். அது மட்டுமன்று, ஆபத்தான தொழிலுக்கு உரிய மருத்துவ வசதியை எவ்வாறு அமைக்க வேண்டும், எவ்வளவு விரைவில் அமைக்க வேண்டும் என்பதற்குக் கோலாரின் வரலாறு ஒரு பாடமாகவும் விளங்குகிறது.

சுரங்கத்தில் தோன்றிய அறிவு

மூழ்குவோர் நோய் எனப்படும் அழுத்தக் குறைவு நோய் முதன்முதலில் விரிவாகக் கவனிக்கப்பட்டது கடலில் அன்று, நிலக்கரிச் சுரங்கத்தில்தான். பிரான்சு நாட்டில் 1840ஆம் ஆண்டை ஒட்டி, டிரிஜே என்ற பொறியாளர், நீர் ஊறும் நிலத்தில் சுரங்கவாய் தோண்டுவதற்காக, அழுத்திய காற்றை நிரப்பி நீரைத் தடுக்கும் அறையை அமைத்தார். அவ்வறையில் உழைத்து வெளியேறியோர் சிலருக்கு மூட்டுகளில் கடும் வலி உண்டாயிற்று. இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்த போல், வாட்டெல் என்னும் இரு மருத்துவர்கள், அழுத்தம் மிகுந்த காற்றுக்குள் மீண்டும் சென்றால் துன்பம் தணிகிறது என்று 1854இல் எழுதினர். இன்றைய அழுத்த மருத்துவத்தின் அடிப்படை இதுவேயாகும்.

நோயின் காரணத்தை, அதாவது குருதியிலும் திசுக்களிலும் தோன்றும் நைட்ரஜன் குமிழிகளை, 1878இல் பால் பேர் என்னும் அறிஞர் விளக்கினார். எத்தனை ஆழத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் மேலே வரவேண்டும் என்பதற்கான அட்டவணைகளை 1908இல் ஜே.எஸ். ஹால்டேனும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் தொழிலாளரைக் கொல்வது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவே என்று அதற்கு முன்னர் நிறுவியவரும் இதே ஹால்டேன்தான்.

ஆழம் ஒன்று, அழுத்தம் வேறு

கடலில் 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மூழ்குபவர் மேற்பரப்பில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அக்காற்றிலுள்ள நைட்ரஜன் அவருடைய உடலில் மிகுதியாகக் கரைகிறது. அவர் படிப்படியாக மேலே வந்தால், கரைந்த வாயு நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தாலோ, கோலி சோடாவைத் திறந்ததும் பொங்கும் நுரையைப்போல் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றில் வலி, தோலில் தடிப்பு, மூச்சுத்திணறல், உணர்ச்சியின்மை ஆகியவை இதன் அறிகுறிகளாகும். தண்டுவடம் தாக்கப்பட்டால் கால்கள் செயலிழக்கும். சிறுநீர் கழிக்க இயலாமற் போகும்.

கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. எனினும், அதன் அடியில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.3 வளிமண்டல அளவே இருந்திருக்கும். காற்று நீரைவிடப் பன்மடங்கு இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடலில் நான்கு மீட்டர் இறங்குபவர் உணரும் கூடுதல் அழுத்தமே, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கூண்டில் இறங்கிய கோலார் தொழிலாளிக்கும் நேர்ந்தது. எனவே, அவர் காதடைப்பை உணர்ந்திருக்கலாம். ஆனால் மூழ்குவோர் நோய்க்கு ஆளாகவில்லை. 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட பாறை வெப்பம், திடீரெனப் பாறை வெடித்துச் சிதறுதல், நுண்ணிய சிலிக்காத் தூசி, வெடிமருந்துப் புகை ஆகியவையே அவருடைய பகைகளாக இருந்தன.

மருத்துவம் செயல்படும் முறை

மூழ்குவோர் நோய்க்கு ஆளானவரை எஃகினால் ஆன அழுத்தக்கூடத்தில் வைத்து, ஏறத்தாழ 2.8 வளிமண்டல அளவுக்கு அழுத்தத்தை உயர்த்துவர். அது கடலில் 18 மீட்டர் ஆழத்திற்கு நிகரானது. அழுத்தம் கூடும்போது குமிழிகள் சுருங்குகின்றன. நோயாளி முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பதால் நைட்ரஜன் விரைவாக உடலைவிட்டு நீங்குகிறது. ஆக்சிஜன் மிகுதியால் வலிப்பு வராமலிருக்க, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 5 நிமிடங்கள் சாதாரணக் காற்று அளிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடிக்கும் இம்முறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

கார்பன் மோனாக்சைடு நச்சிலும் இக்கூடம் பயன்படுவதுண்டு. இவ்வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பிணைப்பு ஆற்றலுடன் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். தூய ஆக்சிஜனில் ஒன்றரை மணி நேரமும், மூன்று வளிமண்டல அழுத்தத்தில் அரைமணிக்கும் குறைவான நேரமும் போதும். எனினும், எல்லா நோயாளிகளுக்கும் அழுத்தக்கூடம் கூடுதல் நன்மை தருமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிடைத்த இடத்திலேயே உடனே ஆக்சிஜன் அளிப்பதே முதற்கடமை என்பதில் வேறுபாடில்லை.

இம்மருத்துவத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். சிலிக்காத் தூசியால் தழும்பேறிய நுரையீரலை எந்த அழுத்தக்கூடமும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. மேலும், உடல்நலப் பொலிவுக்கென விற்கப்படும் மென்மையான துணிக்கூண்டுகள் 1.3 வளிமண்டல அழுத்தத்தையே எட்டுகின்றன. அது கோலார் சுரங்கத்தின் அடியில் இருந்த அழுத்தத்திற்கே சமமாகும். மூழ்குவோர் நோய்க்கு அவை உதவா.

கடற்கரையின் தேவை

மன்னார் வளைகுடாவில் சங்கும் முத்தும் குளித்தல் தொன்மையான தொழில். மூச்சடக்கி ஓரிரு நிமிடங்கள் மூழ்கும் மரபு முறையில் இந்நோய் அரிது. காற்றழுத்த இயந்திரத்துடன் இணைந்த குழாயோ, முதுகில் சுமக்கும் காற்றுக்கலனோ வந்தபின், நெடுநேரம் ஆழத்தில் தங்குதல் இயல்வதாயிற்று. அதனுடன் இடரும் வந்து சேர்ந்தது. படகிலுள்ள இயந்திரத்தின் புகைப்போக்கி காற்றை உறிஞ்சும் வாயருகே இருந்தால், சுரங்கத் தொழிலாளியைக் கொன்ற அதே கார்பன் மோனாக்சைடு கடலடியில் உள்ளவரையும் தாக்கும்.

இந்தியாவில் இத்துறையின் அறிவும் பயிற்சியும் முதன்மையாகக் கடற்படையிடமே வளர்ந்துள்ளன. மும்பையில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையை ஒட்டியுள்ள கடற்படை மருத்துவக் கழகம் கடல்சார் மருத்துவத்தில் பயிற்சி அளிக்கிறது. பெருநகரங்களின் சில தனியார் மருத்துவமனைகளிலும் அழுத்தக்கூடங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் ஆறாப்புண் முதலியவற்றுக்கே பயன்படுகின்றன. பலர் அமரும் பெருங்கூடமாயின் உதவியாளரும் உடனிருந்து நோயாளியைக் கவனிக்கலாம். ஒருவர் மட்டும் படுக்கும் சிறுகூடத்தில் அது இயலாது.

கூடம் ஒன்றை வாங்கி நிறுத்துவது மட்டும் சேவையாகாது. படகிலும் கரையிலும் ஆக்சிஜன் உருளை இருத்தல் வேண்டும். மூட்டுவலியைக் களைப்பென்று ஒதுக்காமல் நோயென்று அறியும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வேண்டும். உயரமான மலைப்பாதையும், உயரப் பறக்கும் வானூர்தியும் வெளியழுத்தத்தைக் குறைத்துக் குமிழிகளைப் பெருக்கும் என்பதை ஊர்தி ஓட்டுபவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆக்சிஜன் செறிந்த கூடத்தில் ஒரு சிறு தீப்பொறியும் பேரழிவாகும் என்பதால், பயிற்சி பெற்ற இயக்குநரும் முறையான பராமரிப்பும் இன்றியமையாதவை. இவை யாவற்றுக்கும் மேலாக, காலம் தாழ்த்தலாகாது. மணி கடக்கக் கடக்க, முழுமையாகக் குணமடையும் வாய்ப்பு குறைகிறது.

கோலார் தரும் பாடம்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் பொறுப்பேற்றனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினராய் அங்கு உழைத்தனர். அவர்களிடையே சிலிக்கா நோயைப் பற்றிய பெரும் ஆய்வு நடந்ததோ 1940க்குப் பின்னர்தான். ஆராயப்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோய் இருந்ததாக அது காட்டிற்று. சுரங்கச் சட்டத்தின்கீழ் சிலிக்கா நோய் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது 1952இல். சுரங்கத் தொழிலாளர் நல்வாழ்வுக்கென ஒரு தேசிய நிறுவனம் கோலார் தங்க வயலில் 1990இல் அமைந்தது. பின்னர் அது நாக்பூருக்குச் சென்றது; அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நல்வாழ்வு நிறுவனத்துடன் அதனை இணைக்க 2019இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கங்களோ 2001 பிப்ரவரி 28 அன்றே மூடப்பட்டுவிட்டன. அறுபது ஆண்டுகள் கடந்து ஆய்வு. நூற்றுப்பத்து ஆண்டுகள் கடந்து நிறுவனம். அதற்குள் தலைமுறைகள் இரண்டு மூச்சிரைத்து மறைந்தன.

ஆயினும், சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு நிர்வாகம் இருந்தது, சம்பளப் பதிவேட்டில் பெயர் இருந்தது, மருத்துவமனை இருந்தது. அதனால்தான், காலம் கடந்தேனும், நோயைக் கணக்கிடவும் இழப்பீடு கோரவும் முடிந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில், அழுத்திய காற்றில் உழைப்பதால் வரும் நோய்களும் இடம்பெற்றிருந்தன. ஆனால், முதலாளி இன்னார் என்று காட்ட இயலாத சங்குகுளித் தொழிலாளிக்கு அப்பட்டியல் எவ்வாறு துணைபுரியும்? பங்குமுறையில் கடலுக்குச் செல்பவர் கால் விளங்காமல் கரை திரும்பினால், அது அவருடைய ஊழ்வினை என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே, கடலோர மாவட்டங்களில் செய்ய வேண்டிய முதற்பணி, மூழ்கித் தொழில் செய்வோரையும் அவர்களுக்கு நேரும் நோய்களையும் பதிவு செய்வதாகும். மீன்வளத் துறை, சுகாதாரத் துறை, கடற்படை மருத்துவமனைகள் ஆகியவற்றை ஒரே தொடராக இணைப்பது அடுத்த பணியாகும். அழுத்தக்கூடத்தை எங்கே அமைப்பது என்ற வினாவுக்கு அப்பதிவேடே விடை தரும். நோயை எண்ணத் தொடங்க அறுபது ஆண்டுகள் காத்திருந்ததன் விலையைக் கோலார் மக்கள் கொடுத்துவிட்டனர். மன்னார் வளைகுடா மக்களும் அவ்விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை.