ஊட்டியில் உறைபனி கொட்டுது... ஏரி மட்டும் ஏன் உறைவதில்லை? நீலகிரி டிரவுட் மீனின் கதை

டிசம்பர் கடைசி வந்துவிட்டால் போதும். தலைகுந்தா புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும் வீடியோ எல்லோருடைய போனிலும் வந்து விழும். 'மினி காஷ்மீர்' என்று ஒரு கேப்ஷன். அதற்கு அடுத்த ரீலில், கனடாவிலோ கொரியாவிலோ உறைந்த ஏரிமேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு டிரவுட் மீனைத் தூக்குகிறார் ஒருவர்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் கூடலூர்க்காரருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. "அண்ணே, மேல அவலாஞ்சிலயும் டிரவுட் இருக்கு, அங்கயும் பூஜ்யம் டிகிரிங்கறாங்க. அப்போ நம்ம ஊர்லயும் இப்படிப் பிடிக்கலாமா?"

முடியாது. ஆனால் ஏன் முடியாது என்று கேட்டுப் போனால் தண்ணீரின் ஒரு விசித்திர குணம், கப்பலில் வந்த முட்டைகள், கனடா உதவியில் கட்டிய அணைகள், அழிவின் விளிம்பில் நிற்கும் நம்ம ஊர் மீன் என்று பல விஷயங்கள் வரிசையாக வருகின்றன.

பனிக்கட்டியில் மீன் பிடிப்பது எப்படி?

கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், பின்லாந்து, ரஷ்யா போன்ற இடங்களில் குளிர்காலம் முழுக்க ஏரிகள் உறைந்துதான் கிடக்கும். மலைக்காட்டுக்குள் இருக்கும் ஏரி என்றால் சறுக்கு வண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். திருகு போன்ற நீளமான துளைப்பானால் ஒன்றரை, இரண்டு சாண் சுற்றளவுக்கு ஓட்டை போடுவார்கள். தூண்டில் நம் முழங்கை நீளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஓட்டை மறுபடி உறைந்துவிடாமல் கரண்டியால் ஐஸ் தூளை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கொரியாவின் ஹ்வாசோன் நகரில் ஜனவரியில் இதற்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. 2003-ல் தொடங்கிய இந்த விழாவின் நாயகன், 'சான்சோனோ' எனும் டிரவுட் வகை மீன்தான். ஒரு சீசனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகிற அளவுக்குப் பெரிய விழா அது.

இதில் உயிருக்கு ஆபத்தும் உண்டு. ஒரு ஆள் நடக்க, தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கார் போக வேண்டுமென்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர். வெள்ளையாக, நுரைத்தாற்போல் இருக்கும் பனிக்கட்டிக்கு இதில் பாதி பலம்தான். அதனால் அனுபவசாலிகள் தனியாகப் போக மாட்டார்கள். கயிறும், விழுந்தால் குத்திப் பிடித்து மேலேற இரண்டு ஆணிப்பிடிகளும் கூடவே இருக்கும்.

ஐஸுக்கு அடியில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கும், கனக்கும். தண்ணீர் அப்படியில்லை. 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் கனக்கும். அதற்குக் கீழே போனால் மறுபடி லேசாகி மேலே மிதக்கும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறைய ஆரம்பிக்கும். அடியில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் அப்படியே இருக்கும். மேலே மூடிய பனிக்கட்டி, கம்பளிப் போர்வை மாதிரி குளிர்காற்றைத் தடுத்துவிடும்.

டிரவுட் குளிர்ந்த தண்ணீருக்கென்றே பிறந்த மீன். மற்ற பல மீன்கள் கடுங்குளிரில் அடியில் சுருண்டு கிடக்கும்போது, டிரவுட் பனிக்கட்டிக்குச் சில அடி கீழேயே சுற்றி இரை தேடும். அதனால்தான் ஓட்டை போட்டவர்களுக்கு அது அதிகம் சிக்குகிறது.

அப்படியென்றால் ஊட்டி ஏரி ஏன் உறைவதில்லை?

உறைபனி என்பது வேறு, ஏரி உறைவது என்பது வேறு.

நீலகிரியில் மேகமில்லாத ஜனவரி இரவில், தரையின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. புல்லின் மேல் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, அதில் படியும் ஈரம் உறைந்துவிடுகிறது. காரின் கண்ணாடி, வாளித் தண்ணீரின் மேல்புறம், சின்னக் குட்டை... இவையும் உறையும்.

ஏரிக்கு அது போதாது. முதலில் மேலிருந்து அடி வரை மொத்தத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வர வேண்டும். பிறகு மேல்மட்டம் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அப்புறம்தான் பெரிய வேலையே. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க ஒரு கலோரியை வெளியேற்றினால் போதும். பூஜ்யம் டிகிரி தண்ணீரைப் பனிக்கட்டியாக்க 80 கலோரியை வெளியேற்ற வேண்டும். இதற்குப் பகலிலும் உறைநிலைக்குக் கீழே இருக்கும் குளிர் வாரக்கணக்கில் தொடர வேண்டும். ஊட்டியில் காலை 10 மணிக்கு வெயில் அடித்தால் பல்லைக் காட்டிய பனி காணாமல் போய்விடும். மதியம் 20 டிகிரியை ஒட்டி வந்துவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 11 டிகிரி தள்ளி இருக்கும் மலையில் இவ்வளவுதான் குளிர்.

அவலாஞ்சி என்ற பெயரைக் கேட்டுப் பலர் பனிச்சரிவு என்று நினைப்பதுண்டு. 19-ம் நூற்றாண்டில் அங்கே நடந்த பெரிய மண்சரிவால் வந்த பெயர் அது. பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டிரவுட் இங்கே எப்படி வந்தது?

இந்தியாவின் எந்த ஆறும் டிரவுட்டுக்குச் சொந்த ஊர் கிடையாது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும் வந்தவை. ஊரை விட்டு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தங்கள் நாட்டுத் தூண்டில் பொழுதுபோக்கு வேண்டியிருந்தது.

இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863-ல் நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். வழியிலேயே எல்லாம் வீணாகிவிட்டன. முட்டை வளர வேண்டிய நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. 10 டிகிரியில் சுமார் ஒரு மாதத்தில் பொரித்துவிடும். கப்பலோ வெப்பக் கடலைத் தாண்டி மாதக்கணக்கில் வர வேண்டும். அடுத்த வருடமே, 1864-ல், இங்கிலாந்திலிருந்து 'நார்ஃபோக்' என்ற கப்பல் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸ் அறைக்குள் வைத்து, ஆஸ்திரேலியா வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஐஸ் உதவியில்லாமல் டிரவுட் தெற்கே வந்திருக்காது.

நீலகிரியில் வெற்றி கிடைக்க இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் இந்தப் பணியில் இறங்கினார். 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் வந்தது. பழுப்பு டிரவுட் இங்கே எடுபடவில்லை. வானவில் டிரவுட் ஊன்றிக்கொண்டது. முட்டைகள் வந்த இடங்களில் ஒன்று, இலங்கையின் மலைநாடு.

கூடலூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதே மலைகளிலிருந்து அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே வந்து சேர்ந்தது டிரவுட்.

பொரிப்பகத்தில் என்ன நடக்கிறது?

குளிர் மாதங்களில் பெண் மீனின் வயிற்றைக் கையால் மெதுவாக நீவி முட்டைகளை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தையும் அதே முறையில் எடுத்துக் கலப்பார்கள். பிறகு ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் தட்டுகளில் முட்டைகளைப் பரப்ப வேண்டும். செத்த முட்டை வெளுத்துப் போகும். அதை உடனே பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்து பக்கத்து முட்டைகளும் போய்விடும். பொரித்த குஞ்சு கொஞ்சம் தேறியதும் மலை நீர்த்தேக்கங்களிலும் ஓடைகளிலும் விடுவார்கள்.

அந்த நீர்த்தேக்கங்களும் பழசு இல்லை. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர்பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டியவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் இதற்கு உதவிய நாடு கனடா. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும் அதே கனடாதான்.

கூடலூரில் ஏன் டிரவுட் இல்லை?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூடலூர் சுமார் 1,000 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரை டிகிரி வரை சூடு கூடும். அப்படிப் பார்த்தால் நடுவட்டம் வளைவுகளில் இறங்கி முடிப்பதற்குள் 8 டிகிரி வித்தியாசம் வந்துவிடும்.

வானவில் டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ ஒட்டினால் பிழைப்பதே கஷ்டம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைந்துவிடும் என்பதும் ஒரு காரணம். முக்கூர்த்தியில் பிறக்கும் பைக்காரா ஆறு, அருவியாய் இறங்கி மாயாறாக முதுமலைப் பக்கம் ஓடுகிறது. டிரவுட் ராஜ்ஜியம் மேலேயே முடிந்துவிடும். கீழே மாயாறு இன்னொரு மீனின் வீடு. அதுதான் திமில் மகாசீர்.

விருந்தாளி மீனும் வீட்டுக்கார மீனும்

காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் திமில் மகாசீர். ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது. அதன் அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. அதே வருடம் 'மிகவும் அழியும் நிலையில்' உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. இன்று அது எஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று மாயாறு. வெளிநாட்டு மீனுக்கு நூறு ஆண்டுக்கு மேலாகப் பண்ணை இருந்திருக்கிறது. சொந்த மீனுக்குப் பெயர் கிடைப்பதற்கே 2018 ஆகியிருக்கிறது.

டிரவுட் மகாசீரின் இடத்தைப் பிடிக்கவில்லை, இரண்டும் வேறு வேறு உயரத்தில் வாழ்பவை. ஆனால் மேலே, சோலைக்காட்டு ஓடைகளில், கேள்வி இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் வானவில் டிரவுட்டும் ஒன்று. நீர்ப்பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்று தீர்ப்பது அதன் வழக்கம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் டிரவுட்டை விட்ட பிறகு அங்கிருந்த மலைத்தவளைகள் அருகிப்போயின. சில ஏரிகளில் டிரவுட்டை முழுக்க அகற்றிப் பார்த்தார்கள். தவளைகள் திரும்பி வந்தன. வேறெங்கும் இல்லாத தவளைகள் நிறைந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இது காதில் வாங்க வேண்டிய பாடம்.

இன்னொரு பக்கம், டிரவுட்டுக்கும் நிம்மதி இல்லை. வடக்கே ஏரிகள் தாமதமாக உறைந்து சீக்கிரம் உருகுகின்றன. ஐஸ் மீன்பிடி சீசன் சுருங்குகிறது. நீலகிரியில் சூடு கூடினால் டிரவுட் இன்னும் மேலே போகலாமே என்றால், மேலே இடமே இல்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மழையும் முறை மாறிப் பெய்கிறது. 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் அடித்து வரும் சேறு, மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடிவிடும்.

போய்ப் பிடிக்கலாமா?

முக்கூர்த்தி 1982-ல் சரணாலயமாகி, 1990-ல் தேசியப் பூங்காவானது. வரையாடுகளுக்கான காடு அது. ஆங்கிலேயர் காலத்து 'பிஷிங் ஹட்' என்ற பெயர் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும், பூங்காவுக்குள் தூண்டில் போட அனுமதி கிடையாது. மற்ற நீர்த்தேக்கங்களில் பலவும் காப்புக்காட்டுக்குள் இருப்பவை. வனத்துறை, மீன்வளத்துறையிடம் கேட்காமல் இறங்கினால் வழக்குதான் மிஞ்சும். வாங்கிய டிரவுட் குஞ்சைக் கொண்டுபோய் ஓடையில் விடுவதும் வேண்டாத வேலை.

ஆக, நம்ம மலையில் ஐஸ் இல்லை, ஐஸ் மேல் மீன்பிடியும் இல்லை. ஆனால் அடுத்த ஜனவரியில் தலைகுந்தா வீடியோவை பார்வர்ட் செய்யும்போது, அந்தக் குளிரை நம்பித்தான் மேலே ஒரு மீன் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்பதும், கீழே மாயாற்றில் அதைவிடப் பெரிய மீன் ஒன்று யார் கண்ணிலும் படாமல் குறைந்துகொண்டிருக்கிறது என்பதும் நினைவில் இருந்தால் நல்லது.