எல்டன் ரிங், விட்சர் 3 ஆடுவோருக்கும் தடையா? இணையவழி விளையாட்டுச் சட்டம் கூறுவது என்ன?

பெங்களூரு: பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம், 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. எல்டன் ரிங், விட்சர் 3 போன்ற திறந்த உலகக் கற்பனைச் சாகச விளையாட்டுகளுக்கும் இது பொருந்துமா என்ற ஐயத்துக்கு, சட்டத்தின் வரையறையிலேயே விடை உள்ளது.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு, பண விளையாட்டாகுமா?

ஆகாது. பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் தொகை கட்டி ஆடுவதே பண விளையாட்டு. பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கு ஒருமுறைக் கட்டணமோ சந்தாவோ பெறுவதைச் சட்டம் அனுமதிக்கிறது.

விளையாட்டுக்குள் சேரும் செல்வம்?

எல்டன் ரிங்கில் எதிரிகளை வீழ்த்திச் சேர்க்கும் 'ரூன்'கள், அந்தக் கற்பனை உலகில் பொருள் வாங்கவும் வலிமை கூட்டவும் பயன்படுபவை. பந்தயப் பணம் அல்ல. ஆனால், பணம் கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன் போன்றவற்றைப் பந்தயம் கட்டிப் பணம் வெல்ல ஆடினால், அது தடைக்குள் வரும்.

திறமை சார்ந்த ஆட்டத்துக்கு விலக்கு உண்டா?

திறமை ஆட்டங்களையும் தடுத்த கர்நாடக அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை, மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14-ஆம் தேதி ரத்து செய்தது. மத்தியச் சட்டமோ, பந்தயப் பணம் இருந்தால் திறமை, அதிர்ஷ்டம் என வேறுபாடு பார்ப்பதில்லை.

தண்டனை யாருக்கு?

பண விளையாட்டை வழங்குவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். ஆடுவோருக்குத் தண்டனை இல்லை.