காரில் இருக்கை, தெருவில் தள்ளுவண்டி: இரண்டும் ஒன்றானால் லாபமா?

காரைக்குடி செக்காலைப் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு விவரம் கேட்டார். அவருடைய நீண்டநாள் வாடிக்கையாளரான ஆச்சி ஒருவர், மாதச் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். "தம்பி, மக சிங்கப்பூர்லேருந்து கைப்பிள்ளையோட வாரா. இந்த வண்டிய கார்லயும் வச்சுக்கலாமாம், எறக்கித் தெருவுலயும் தள்ளிக்கலாமாம். நாப்பதாயிரத்துக்கு மேல சொல்றாக. வாங்கலாமா? நீங்க வரவழைச்சுத் தருவீகளா?" என்று கேட்டாராம்.

உறுப்பினருக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். குழந்தைக்குச் சோப்பு, பவுடர், டயபர் எல்லாம் வாங்குவது நம் கடைகளில்தான். அடுத்த கேள்வியும் நம்மிடமே வருகிறது. அதோடு நம் வீடுகளிலும் பேரன் பேத்திகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். ஆகவே வாங்குகிறவர், விற்கிறவர் என்ற இரண்டு பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறோம். பச்சைக் குழந்தையைக் காரில் வைத்துக் கட்டும் கூடை போன்ற இருக்கைக்குக் கார் சீட் என்று பெயர். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளுவது ஸ்ட்ரோலர். (தள்ளுவண்டி என்றால் நமக்குப் பழவண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு.) இரண்டையும் சேர்ப்பதில் இரு வகை உண்டு. ஒன்றில், இருக்கையைக் காரிலிருந்து கழற்றித் தனியாக உள்ள சக்கரச் சட்டத்தின் மேல் மாட்டவேண்டும். இன்னொன்றில், சக்கரம் இருக்கையின் அடியிலேயே மடங்கியிருக்கும். வெளியே எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கால் நீண்டு வண்டியாகிவிடும். இஸ்ரேல் நாட்டு நிறுவனம் ஒன்று டூனா என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து உலகெங்கும் விற்கிறது. ஆச்சி காட்டிய படம் இந்த இரண்டாவது வகை. அமெரிக்காவில் 500 டாலருக்கு மேல் விலை. நம் பணத்தில் நாற்பதாயிரத்தைத் தாண்டும் என்று அவர் கேள்விப்பட்டது சரிதான்.

மடியில் வைத்தால் போதாதா?

நம் ஊரில் முதலில் எழும் கேள்வி இதுதான். நம் தலைமுறைக் குழந்தைகள் எல்லாம் தாயின் மடியிலேயே வந்தவர்கள்தான். அன்று அம்பாசிடர் கார் நாற்பதில் ஓடியது. இன்று திருச்சி சாலையில் எந்த வாடகைக் காரும் எண்பதுக்குக் குறைவாக ஓடுவதாகத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், 5 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சுமார் 100 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். இரண்டு சீனி மூட்டை. அந்த நொடியில் எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து இளசு. அதனால்தான் கைக்குழந்தை இருக்கையைக் காரின் பின்பக்கம் பார்த்தபடி கட்டச் சொல்கிறார்கள். மோதலின் விசை முதுகு முழுவதும் பரவி இருக்கையில் இறங்கிவிடும். இத்தகைய இருக்கைகளைப் பயன்படுத்தினால் குழந்தை இறப்பு 60 சதவீதம் வரை குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். நம் பக்கத்தில் இதற்காக யாரையும் நிறுத்தி நாம் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் கட்டாயம். அங்கிருந்து வருகிற பிள்ளைகள் இங்கே இறங்கியதும் இருக்கை எங்கே என்று கேட்பதில் வியப்பில்லை.

ஆகவே கார் சீட் தேவையா என்ற கேள்விக்குத் தேவை என்பதே நம் பதில். சக்கரத்துக்காக மேலும் முப்பதாயிரம் கொடுக்கலாமா என்பதுதான் இனிப் பார்க்கவேண்டியது.

சக்கரம் எங்கே ஓடும்?

இந்த ஒன்றிணைந்த வண்டியின் எடை 7 கிலோவுக்கு மேல். சாதாரணக் கைக்குழந்தை இருக்கை அதில் பாதிதான் இருக்கும். குழந்தை 8 கிலோ ஆகும்போது இரண்டும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் பாதிக்கும் மேல். தரை சமமாக இருந்து, மாடிக்கு லிப்ட் இருந்தால் இந்த எடை தெரியாது. நம் ஊர் வீடுகளோ தெருவிலிருந்து படியேறி, திண்ணை கடந்து, நிலைப்படி தாண்டி உள்ளே போகவேண்டியவை. வளவுக்குள் போனபிறகு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது உண்மை. ஆனால் அங்கே குழந்தையைத் தூக்கத்தான் பத்துக் கை காத்திருக்கிறதே! கடைவீதியில் இரு சக்கர வாகனங்களுக்கு இடையில் அந்தச் சின்னச் சக்கரம் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. குன்றக்குடி மலைப்படியில் அதைத் தூக்கித்தான் போகவேண்டும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பச்சைக் குழந்தையை இப்படிப்பட்ட இருக்கையில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களும் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். சாய்ந்த நிலையில் குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப் பாதை குறுகக் கூடும். தூங்குவதற்குச் சமமான படுக்கைதான் ஏற்றது. திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி சுமார் 90 கி.மீ. அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். காரை விட்டு இறங்கியதும் குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துத் தொட்டிலில் நீட்டிப் படுக்கவைக்க வேண்டும். இந்த வண்டியோ, எடுக்காமலே தள்ளிக்கொண்டு போகலாம் என்பதற்காகவே விற்கப்படுவது. நமக்கு வசதியாக இருப்பது குழந்தைக்கு வசதி ஆகாத இடம் இது.

பயன்படும் காலமும் குறைவு. 13 கிலோ வரை என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அந்த எடை வருவதற்கு முன்பே குழந்தையின் தலை இருக்கையின் மேல் விளிம்பை எட்டிவிடும். பெரும்பாலும் 12 முதல் 15 மாதம். நாற்பதாயிரத்தை 13 மாதத்துக்கு வகுத்தால் மாதம் மூவாயிரம். 20 நாள் லீவில் வந்துபோகும் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம். அதன்பிறகு எப்படியும் பெரிய இருக்கை வாங்கியாகவேண்டும்.

அப்படியானால் இந்த வண்டி யாருக்குத்தான் ஏற்றது? சென்னையிலோ வெளிநாட்டிலோ அடுக்குமாடியில் இருந்துகொண்டு, சொந்தக் கார் இல்லாமல் வாடகைக் காரில் அடிக்கடி ஏறி இறங்கும் தம்பதியருக்கு நிச்சயம் உதவும். ஒற்றை ஆளாகக் குழந்தையையும் பெட்டியையும் சமாளிக்கிற தாய்க்கு இது பெரிய ஒத்தாசை என்பதை மறுப்பதற்கில்லை. அவர்கள் அங்கேயே வாங்கி அங்கேயே உழைக்க விடட்டும். இங்கே வரும்போது கூடவே கொண்டுவரலாம். கைக்குழந்தையின் கார் சீட்டையும் வண்டியையும் பல விமான நிறுவனங்கள் தனிக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்வது நலம்.

காரைக்குடியிலேயே காரும் குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்கு நாம் சொல்லும் வழி வேறு. பிறந்தது முதல் சுமார் நான்கு வயது வரை, முதலில் பின்பக்கம் பார்த்தும் பிறகு முன்பக்கம் பார்த்தும் கட்டக்கூடிய பெரிய இருக்கைகள் கிடைக்கின்றன. ஆர் ஃபார் ராபிட், லவ்லாப், சிக்கோ முதலிய பெயர்களில் நம் நாட்டுக் கடைகளில் விற்கிறார்கள். அதை வாங்கிக் காரிலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டு, தேவைப்பட்டால் ஒரு சாதாரண மடக்கு ஸ்ட்ரோலர் வாங்கினால், இரண்டும் சேர்ந்தே அந்த நாற்பதாயிரத்தில் பாதிக்குள் அடங்கும். குழந்தை அதில் தள்ளுவண்டியில் போக மறுத்தாலும் நஷ்டம் சிறிது.

வாங்குவதற்கு முன் காரைப் பாருங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். இது நாம் பட்டு அறிந்தது. நம் வீட்டுப் பேத்தி வந்தபோது இருக்கையை இரவல் வாங்கிக்கொண்டு வாடகைக் காரில் திருச்சிக்குப் போனோம். பின்சீட்டில் பெல்ட் இருந்தது, அதைச் செருகும் பூட்டைக் காணவில்லை. அழகுக்காகப் போட்ட சீட் கவர் அதை முழுதாக மூடியிருந்தது! விமான நிலைய வாசலில் டிரைவரும் நாமும் இருபது நிமிடம் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தோம், குழந்தை வெயிலில் அழுதுகொண்டிருந்தது. பழைய வண்டிகளில் பெல்ட்டின் நீளமே இருக்கையைச் சுற்றி வராது. முன்சீட்டில் வைத்துவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். 2021 இறுதியிலிருந்து விற்கப்படும் எல்லாக் கார்களிலும் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் உண்டு. அது வெடித்து விரியும் வேகத்தில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை அடித்தால் உயிருக்கே ஆபத்து. நம்மில் பலர் குட்டியானை வண்டியில் சரக்கு எடுக்கப் போகும்போது குழந்தையை முன்னால் மடியில் வைத்துக்கொள்வதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வண்டிக்கு எந்த இருக்கையும் பொருந்தாது. குழந்தையை ஏற்றாமல் இருப்பதுதான் வழி.

விற்பவர் பக்கம்

இதைக் கொள்முதல் செய்து அடுக்கலாமா என்றால், வேண்டாம் என்போம். நான்கு உருப்படி வாங்கினால் ஒன்றரை லட்சம் முடங்கும். ஓர் ஆண்டில் எத்தனை ஆச்சிமார் கேட்பார்கள்? பிளாஸ்டிக் உடலில் தயாரித்த தேதியும் காலாவதிக் காலமும் பொறித்திருப்பார்கள். ஆறிலிருந்து பத்து ஆண்டு. கடையில் தூங்கும் நாளும் அதில் கழியும். முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுப்பதே சரி.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை மலிவுச் சரக்கைப் பற்றியது. துணி மெத்தையில் நான்கு பட்டை தைத்து, கார் சீட் என்று சில நூறு ரூபாய்க்கு வருகிறது. லாபம் நன்றாக நிற்கும். ஆனால் அதில் எந்தத் தரச்சான்றும் இருக்காது. முறையான இருக்கையில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்துடன், ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பிய விதி எண் அச்சிட்ட ஒட்டுச் சீட்டு இருக்கும். நம் நாட்டு விதி ஏ.ஐ.எஸ். 072. இவற்றில் எதுவும் இல்லாததைத் தொடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் விளையும் கேட்டுக்கு விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கென்றால் வழக்கு நேராக நம் கடைக்கு வரலாம். தயாரிப்பாளரின் எச்சரிக்கைக் குறிப்பை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டாலும் அப்படியே. உள்ளே இருக்கும் விளக்கப் புத்தகத்தை அட்டைப்பெட்டியோடு கொடுங்கள். முடிந்தால் ஏர்பேக் விஷயத்தை வாயாலும் சொல்லுங்கள்.

பழையது வாங்குவோரும் உண்டு. நம் ஊர் பழைய சாமானுக்குப் பேர்போனது. முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குச் சாமானுக்கு வயது ஏற ஏற விலை ஏறும். இதற்கு நேர்மாறு. ஒருமுறை விபத்தில் அடிபட்ட இருக்கை வெளியில் கீறல் தெரியாவிட்டாலும் உதவாது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தது, விபத்துக்கு உள்ளாகாதது, காலாவதி ஆகாதது என்று தெரிந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். நாம் இரவல் வாங்கியதும் அப்படித்தான்.

இத்தனையும் நம் உறுப்பினர் ஆச்சியிடம் எடுத்துச் சொன்னார். ஆச்சி மகளுடன் பேசியிருக்கிறார். அங்கே சொந்தக் கார் இல்லை, போவது வருவதெல்லாம் டாக்சிதான், ஆகவே இருக்கையே வாங்கவில்லை என்று தெரிந்தது. கடைசியில் சக்கரம் இல்லாத கைக்குழந்தை இருக்கை ஒன்றை ஏழாயிரத்துக்குள் முன்பணம் கொடுத்து வரவழைத்துக்கொண்டார். போகும்போது மகள் அதைக் கூடவே எடுத்துப்போகிறாளாம். ஆச்சி இருக்கையை வாங்கிய அன்றே வாடகைக் கார்க்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி, பின்சீட்டுக் கவரைக் கழற்றவைத்து, தம் கையாலேயே பெல்ட்டைப் பூட்டிப் பார்த்தாராம்.