படித்தது எங்கே போகிறது? – 7: ‘பார்த்தா தெரியும் மாமா!’

அக்கா மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். வேலூர்ப் புரட்சிப் பக்கம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. வரிக்கு வரி ஹைலைட்டர்.

“எதை விடுறதுன்னு தெரியல மாமா, எல்லாமே முக்கியமாத்தான் இருக்கு.”

“எத்தனை தடவை படிச்ச?”

“நாலு.”

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லு” என்றேன். “1806 ஜூலை 10... தலைப்பாகைப் பிரச்சினை... திப்பு பசங்க கோட்டையில இருந்தாங்க...” நின்றுவிட்டாள். “பார்த்தா தெரியும் மாமா!”

பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். தேர்வு அறையில்தான் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தே தீர்த்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள்; எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் முன்னவர்கள் 40, பின்னவர்கள் 61. இதில் வேடிக்கை, ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு சுற்று படித்த குழுவினர்தான். மஞ்சள் பூசிய பக்கம் தரும் தெம்பும் அதே ரகம்.

ஒரு லாங் சைஸ் நோட்டை எடுக்கச் சொன்னேன். கார்னெல் பல்கலைக்கழகத்து வால்டர் பாக் 1962-ல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய முறை இது: இடது பக்கம் கேள்விக்கு, வலது பக்கம் குறிப்புக்கு, அடியில் இரண்டு மூன்று வரிச் சுருக்கத்துக்கு. நம்மூர் நோட்டின் சிவப்பு மார்ஜின் கேள்வி எழுதப் போதாது. மூன்றில் ஒரு பங்கை மடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் சேர்த்த நிபந்தனை ஒன்றுதான்: புத்தகம் மூடியிருக்கும்போது மட்டும் பேனா ஓட வேண்டும்.

ஆறு வரி எழுதினாள். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்தினாள். புரட்சியை அடக்க கில்லஸ்பி ராணிப்பேட்டையிலிருந்து வந்ததாக எழுதியிருந்தாள்; ஆற்காடு. பக்கத்து ஊர்தான், ஆனால் கேள்வித்தாளில் நான்கு விடைகளில் ஒன்றாக ராணிப்பேட்டையும் உட்கார்ந்திருக்கலாம். தலைப்பாகை என்று எழுதியவள், அதில் தோல் குஞ்சம் இருந்ததையும், சமயக் குறிகளும் காதணியும் கூடாதென்று சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டதையும் விட்டிருந்தாள்.

இடது பக்கம் ‘காரணங்கள் யாவை?’ என்று எழுதப் போனாள். அது வாத்தியார் கேள்வி. “நீ என்ன கேட்ப?” என்றேன். யோசித்துவிட்டு, ‘ஒரு தொப்பிக்கா இவ்வளவு கோபம்?’ என்று எழுதினாள். இப்படிக் கேட்டால்தான் விடை முழுசாக வரும். நாளை வலது பக்கத்தை மடக்கி மறைத்துவிட்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

“ஒரு பாடத்துக்கே ஒன்றரை மணி நேரம் போச்சு, சிலபஸ் எப்ப முடிக்கிறது?” என்று முணுமுணுத்தாள். நியாயம்தான். திட்டம், ஆண்டு என்று பட்டியலாக இருப்பவற்றுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், துண்டு அட்டைகள் போதும். கதையும் காரணமும் உள்ள பாடத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

புதன்கிழமை இரவு போன். “மாமா, புரட்சிக்கு அப்புறம் கவர்னர் பெண்டிங்கைத் திருப்பி அழைச்சுட்டாங்க, சரி. படைத்தளபதி கிரடாக்கையுமா?”

“ஆமா. எதுக்குக் கேக்குற?”

“இடது பக்கம் புதுசா ஒரு கேள்வி போட்டேன். பதில் எழுதிட்டுதான் உங்களுக்கு அடிச்சேன். புத்தகம் இன்னும் மூடித்தான் இருக்கு.”