இட்லித் தட்டில் ஒரு மருந்துச் சோதனை

மாவில் ஒரு பிடி அவல் சேர்த்து அரைத்தால் இட்லி மெத்தென்று வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சோதித்துப் பார்க்க ஒரு பாத்திரத்தில் வழக்கமான மாவு, இன்னொன்றில் அவல் மாவு. எதை எந்தக் குழியில் ஊற்றுவது? அடித்தட்டில் தண்ணீர் ஏறி இட்லி நசநசத்துப்போகும். புது மாவின் மேல் ஆசை இருந்தால் கை தானாக மேல் தட்டுக்குப் போகும். அப்புறம் ஜெயித்தது அவலா, தட்டா?

மருந்துச் சோதனையிலும் இதே சிக்கல்தான்; அதனால் புள்ளியியலாளர் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே வந்தாக வேண்டும். கடைசியில் கூட்டிக் கழிப்பது அவர் வேலையின் எளிய பாதி.

1947இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தது. போர் முடிந்த சமயம், மருந்து எல்லோருக்கும் போதாது. திட்டம் வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். முதல் உலகப் போரில் காசநோய் பிடித்ததால் டாக்டருக்குப் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுப் பிறகு புள்ளியியலுக்கு வந்தவர். தேறிவிடுவார் என்று தோன்றும் நோயாளிக்குப் புது மருந்தைக் கொடுக்க ஒரு டாக்டருக்குக் கை போகும். இன்னொருவர் இரக்கப்பட்டு மோசமானவருக்குக் கொடுப்பார். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு குழிக்கும் சீட்டுக் குலுக்குவதுபோல், தற்செயல் எண்களை வைத்து யாருக்கு எது என்று தீர்மானித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார்கள். நோயாளியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உறை பிரியும். ருசி பார்ப்பவருக்கு எது எந்த மாவு என்று தெரியக்கூடாது அல்லவா? எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கும் யார் எந்தக் குழு என்று சொல்லவில்லை.

மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஒரு இட்லி உப்பினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே, மருந்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

1948இல் வந்த அறிக்கை கசப்பான இன்னொன்றையும் சொன்னது: பலரிடம் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறியிருந்தது. (ஐந்தாண்டு கழித்து எண்ணியபோது மருந்துக் குழுவில் 32 பேர், மற்றதில் 35 பேர் இறந்திருந்தார்கள்.) அவ்வளவு காலம் காத்திராமல் அடுத்த சோதனையை 1948இலேயே தொடங்கினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் தனியாக, பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்ற இன்னொரு மருந்து தனியாக, இரண்டும் சேர்த்து என மூன்று பாத்திரங்கள். சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அப்படிப்பட்ட கிருமி வெகு குறைவாகவே தலைகாட்டியது.