தோட்டத்து மாடும் தாமான் பூனையும்

பால்மரத் தோட்டங்களில் நம்மவர்கள் லயத்துக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த காலத்தில், முள்கம்பி கிழித்த மாட்டுத் தொடைக்கு மருந்து வீட்டிலேயே இருந்தது. மஞ்சள், வேப்பெண்ணெய், புழு வைத்துவிட்டால் சூடம் கரைத்த தேங்காயெண்ணெய். கொம்புத்தேன் கிடைத்தால் அதையும் தடவுவார்கள். தேனில் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிக்குப் போடும் கைவைத்தியமும் உண்டு. அதே கலவை திறந்த புண்ணில் பட்டால் சுண்ணாம்பு சதையைப் பொசுக்கிவிடும். பழி மட்டும் தேனுக்கு!

இன்றைய ஸ்ரீ கெம்பாங்கானில் ஈயம் தோண்டிய பள்ளம் ஏரியாகிவிட்டது. கரையில் மைன்ஸ் பேரங்காடி. காயத்தோடு வருவது மாடல்ல, கார் எஞ்சினுக்குள் தூங்கி அடிபட்ட பூனை. பக்கத்துச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையே இருக்கிறது. 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது.

கால்நடை மருத்துவத்தில் தேனை இன்னும் கைவிடவில்லை. ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும். முதலில் ரோமத்தை மழித்து, உப்புநீரால் கழுவி, செத்த சதையை வெட்டி நீக்குவார்கள். பிறகு தேன் தோய்த்த துணி, மேலே ஈரம் உறிஞ்சும் பஞ்சு, கட்டு. ஆரம்பத்தில் தினமும் கட்டு மாற்ற வேண்டும். புண்ணில் ஊறும் நீர் தேனைக் கரைத்துவிடும். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு வேறு.

நல்ல தேனில் தண்ணீர் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால் அது கிருமியிடமிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. புளிப்பும் கிருமிக்கு ஆகாது. சற்றே கரையும்போது, தேனிலுள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. காய்ச்சினால் நொதி போய்விடும். காய்ச்சினாலும் கிளாஸ்டிரிடியம் கிருமியின் வித்துகள் தங்கிவிடலாம். அதனால்தான் மருத்துவத் தேனைக் காமா கதிரில் சுத்திகரிக்கிறார்கள். நியூசிலாந்து மனூக்கா தேனில் பெராக்சைடைவிட மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள்தான் முக்கியம்.

அதற்காக அற்புதம் என்று தூக்கிவைக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் குதிரைக் கால் காயங்களில் மனூக்கா பூசிப் பார்த்த ஒரு சோதனையில், புண் அகலமாவது குறைந்தது. முழுதாக ஆறும் காலம் சுருங்கவில்லை. இங்கே இப்போது கெலுலுட், நம் கொசுத்தேன், பாட்டிலில் நல்ல விலைக்குப் போகிறது. தண்ணீர் கூடுதலான, புளித்த தேன் அது. கடைப் பாட்டிலை அப்படியே புண்ணில் கவிழ்ப்பதற்கில்லை.

பூனைச் சண்டையில் பட்ட கடி, மேலே ஊசி ஓட்டைபோலத்தான் தெரியும். உள்ளே சீழ் கட்டியிருக்கும். அதன்மேல் எந்தத் தேனைத் தடவினாலும் பலனில்லை. முதலில் கீறி வடிக்க வேண்டும்.